வலி இல்லை என்கிறாள்

ஜூன் 9, திங்கள்

இவர் வேலை பார்க்கும் பம்ப்செட் கம்பெனியில் புது வருஷத்துக்குக் கொடுத்த டைரி இத்தனை மாதம் அரிசி டிரம் மேல் சும்மா கிடந்தது. இன்று அதற்கு வேலை வந்துவிட்டது. தினமும் எவ்வளவு வலிக்கிறது என்று பத்துக்கு மார்க் போட்டு எழுதி வரச் சொல்லியிருக்கிறார் ஷைலஜா டாக்டர். பிளஸ் டூவில் எனக்குப் பேப்பர் திருத்தியவர்கள் மகா கஞ்சர்கள். நான் அப்படி இல்லை. இன்று எட்டு.

சித்திரையில் ஆரம்பித்தது. கழுத்துக்குக் கீழே, இடது தோள்பட்டைக்கு உள்பக்கம் ஒரு குத்தல். வாய்வு என்றார் இவர். பெருங்காயம் கரைத்துக் குடித்தேன், ஓமத்தண்ணீர் குடித்தேன், சோடாவில் எலுமிச்சம்பழம் பிழிந்து குடித்தேன். ஏப்பம் வந்ததே தவிர வலி போகவில்லை. பிறகு அது சுளுக்கு ஆனது. எதிர்வீட்டு மயிலாத்தாக்கா விளக்கெண்ணெய் போட்டு உருவியதில் உயிர் போய்த் திரும்பி வந்தது. வலி இடது கை வழியாகச் சுண்டுவிரல் வரை இறங்கியதும் இவர் பயந்து போய் ஈசிஜி எடுக்கக் கூட்டிப்போனார். நெஞ்சில் ஒரு குறையும் இல்லையாம். கடைசியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் வாய்வும் இல்லை, சுளுக்கும் இல்லை, டிஸ்க் பிதுங்கியிருக்கிறது.

ஷைலஜா டாக்டர் கைரோபிராக்டர். ஊசி, மாத்திரை கிடையாது. முதுகெலும்பைக் கையாலேயே பார்க்கிற வைத்தியம். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து சிங்காநல்லூரில் கிளினிக் வைத்திருக்கிறார். போனில் வருகிற வீடியோக்களில் பார்த்த மாதிரி கழுத்தைப் பிடித்து ஒரே திருப்பாகத் திருப்பி நெட்டி முறிப்பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு குப்புறப் படுத்தேன். ஒரு நெட்டிகூட விழவில்லை.

“உங்களுக்கு அந்தச் சத்தமெல்லாம் வேண்டாம்மா. பிதுங்கின எடத்துல போய்த் திருப்பினா நரம்பு இன்னும் நசுங்கும்” என்றார். மெதுவாக இழுத்தார், அழுத்தினார், கையைத் தூக்கச் சொன்னார். அவ்வளவுதான். பிறகு மேசையில் இருந்த முதுகெலும்பு பொம்மையை எடுத்துக் காட்டினார்.

“கழுத்து நாலா பக்கமும் ஆடும். முதுகு விலா எலும்போட கட்டிப் போட்டது, அது ஆடாது. ரெண்டும் சேர்ற எடம் இதுதான். பொதுவா இதுக்கு மேலதான் டிஸ்க் பிதுங்கும். இங்க பிதுங்கறது ரொம்ப அபூர்வம். அப்படி என்னம்மா கனம் தூக்குறீங்க?”

தண்ணீர்க் குடம் என்றேன்.

அவர் கண் பக்கத்தில் இருந்த என் மகள் கோகியின் சக்கர நாற்காலி மேல் போனது. “இவங்களை யாரு தூக்கறது?”

“அவங்கப்பா தூக்கிக்குவாருங்க.”

கோகி சத்தமாகச் சிரித்துவிட்டாள். எங்கே சிரிப்பது என்று அந்தப் பெண்ணுக்கு ஒரு விவஸ்தையே கிடையாது.

ஜூன் 10, செவ்வாய்

ஏழு.

மார்க் போட்டது போக நிறைய இடம் காலியாக இருக்கிறது. எழுதுகிறேன்.

கோகிலவாணி எங்களுக்கு ஒரே பிள்ளை. இருபத்து மூன்று வயது. பிறக்கும்போது மூளைக்குக் காற்று போதாமல் கை கால் இழுத்துக்கொண்டது. பேச்சும் குழறல். அது தெரிவதற்கு முன்பே குயில் குரல் என்று பொருள் வரும்படி பேர் வைத்துவிட்டேன். என் ராசி அப்படி. புத்தியில் மட்டும் ஒரு குறையும் இல்லை. சீரியலில் யார் யாரைக் கவிழ்க்கப் போகிறார்கள் என்று எனக்கு முன்னால் கண்டுபிடித்துவிடுவாள்.

டாக்டரிடம் சொன்னது முழுப் பொய் இல்லை. முன்பெல்லாம் இவர்தான் தூக்குவார். தோளில் போட்டுக்கொண்டு தேர்கூடப் பார்க்கப் போயிருக்கிறார். அவள் வயதுக்கு வந்து சீர் முடிந்த மறுநாள், குளிக்க வைக்கத் தூக்கிவிடச் சொல்லிக் கூப்பிட்டேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே, “இனி நீயே பாத்துக்க புள்ள” என்று வெளியே போனவர்தான். பொம்பளைப் பிள்ளை பெரியவளாகிவிட்டாள், அப்பன் தொடக்கூடாது என்று அவராகவே ஒரு கோடு போட்டுக்கொண்டார். யாரும் அவரிடம் போடச் சொல்லவில்லை. அழிக்கவும் யாரும் சொல்லவில்லை, நான் உட்பட.

அதிலிருந்து நான்தான். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து பாத்ரூமுக்கு. என் இரண்டு கையும் அவள் அக்குளுக்குள் போகும். அவள் வலது கை என் பிடரியில் வந்து பூட்டுப் போடும். கழுத்தும் முதுகும் சேருகிற இடத்தில் துருத்திக்கொண்டு நிற்குமே ஒரு எலும்பு, அதன் மேல்தான் அந்தப் பூட்டு. போட்டதும் பஸ் கண்டக்டர் மாதிரி “ரைட்” என்பாள். நான் எழுவேன்.

டாக்டர் பொம்மையில் விரல் வைத்துக் காட்டியதும் அதே இடம்தான்.

ஜூன் 15, ஞாயிறு

ஆறு.

நங்கை வந்திருந்தார். இவருடைய அக்கா சுலோச்சனாவை நான் நங்கை என்றுதான் கூப்பிடுவேன். கெட்டவர் இல்லை. கை நிறைய நேந்திரம்பழச் சிப்ஸ் வாங்கிக்கொண்டுதான் வருவார். வாய் நிறைய வேறு ஒன்றையும் கொண்டுவருவார்.

“ஏம்மா வசந்தாமணி, உன்ற கை இப்படி ஆயிப்போச்சு. நாளைக்கு நீ படுத்துட்டா இந்தப் புள்ளைய ஆரு பாக்கறது? பொள்ளாச்சி ரோட்டுல ஒரு இல்லம் இருக்குது, இந்த மாதிரிப் பொம்பளைப் புள்ளைகளுக்குன்னே. ஒருக்கா போயிப் பாத்துட்டு வந்தா என்ன?”

“எனக்குக் கை நல்லாத்தானுங்க இருக்குது.”

“நல்லா இருந்தா நான் ஏன் பேசறேன் கண்ணு? இருக்கற வரைக்கும் வெச்சுக்க. கையில சத்து போச்சுன்னா அப்புறம் வீம்பு பண்ணக்கூடாது. டே நாச்சிமுத்து, சொல்றா.”

இவர் பேப்பரை மடித்தார். “அக்கா சொல்றதுலயும் ஞாயம் இருக்குது. முடியற வரைக்கும் பாரு. முடியலைன்னா அப்படித்தான் பண்ணோணும்.”

இத்தனையும் கோகி பக்கத்தில் இருக்கும்போதே. சிப்ஸ் மென்றுகொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இல்லத்தில் சுத்தம் இருக்கும், சோறு இருக்கும். அவள் பேசுவது அங்கே யாருக்குப் புரியும்? கோகிக்கு உதடு குவியாது. அதனால் உகரம் வராது, எல்லாம் இகரமாகத்தான் விழும். உதடு குவிய வேண்டிய இடத்தில் அதற்குப் பதிலாகத் தலையை இடது பக்கம் சாய்ப்பாள். காதால் கேட்டால் போதாது, கண்ணால் பார்க்க வேண்டும். ஆறு வயதில் ஒருநாள் “பல்லி, பல்லி” என்று ஒரே அழுகை. நான் ரேஷன் கடைக்குப் போயிருந்தேன். இவர் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு சுவர் சுவராக அலைந்து, பரண் மேல் ஏறி, கடைசியில் ஒரு பல்லியை அடித்தே விட்டார். அழுகை நிற்கவில்லை. நான் வந்து பார்த்தால் தலை சாய்ந்திருக்கிறது. பல்லு. கடைவாயில் சொத்தை. அந்தப் பல்லி செய்த பாவம் என்னவோ.

இருபத்து மூன்று வருஷமாக அவளை நான்தான் படித்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நான் இல்லாத இடத்தில் அவள் ஊமை.

ஜூன் 24, செவ்வாய்

ஐந்து. டாக்டர் டைரியைப் பார்த்துவிட்டு, மார்க் குறைந்ததற்குச் சந்தோஷப்பட்டார். ஆனால் உடனே ஒரு பாடம் நடத்தினார்.

“ரெண்டு வார்த்தைய ஞாபகம் வெச்சுக்கங்கம்மா. வலி வேற, வலு வேற. வலி குறையறது நல்லது. ஆனா வலியும் போயி வலுவும் போச்சுன்னா நரம்பு செத்துட்டு இருக்குன்னு அர்த்தம். கையில இருந்து சாமான் நழுவுது, ஊக்கு மாட்ட முடியலை, நடக்கறப்ப கால் பின்னுது, இப்படி எது வந்தாலும் அன்னிக்கே சொல்லணும். அதுக்கப்புறம் நான் உங்களைத் தொட மாட்டேன், நேரா ஆபரேஷனுக்குத்தான் அனுப்புவேன்.”

சரிங்க என்றேன். கனம் தூக்கவில்லையே என்று கேட்டார். இல்லைங்க என்றேன்.

ஆட்டோவில் வரும்போது கோகிக்கு அந்தப் பாடம் பிடித்துவிட்டது. தலையை நேராக வைத்து ஒன்று, சாய்த்து ஒன்று. வலி, வலு. வலி, வலு. ஆட்டோக்காரருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டிருக்கும். “பாப்பாவுக்கு ரொம்ப வலிக்குதுங்களா?” என்று வண்டியை ஓரம் கட்டப் பார்த்தார்.

ஜூலை 4, வெள்ளி

மூன்று!

மூன்று மாதத்துக்குப் பிறகு இடது பக்கம் திரும்பிப் படுத்தேன். கைவைத்தியம் என்றால் இதுதான் கைவைத்தியம். மயிலாத்தாக்காவிடம் சொல்லிக் காட்ட வேண்டும்.

ஊறுகாய் ஜாடி நழுவி உடைந்தது. கையில் எண்ணெய் இருந்தது.

ஜூலை 9, புதன்

இரண்டு. ரவிக்கை ஊக்கையெல்லாம் இந்தக் காலத்தில் எவ்வளவு சின்னதாகச் செய்கிறார்கள். முன்பக்கம் மாட்டிக்கொள்ளவே கால் மணி நேரம். இனி நைட்டி போதும்.

ஜூலை 13, ஞாயிறு

இரண்டு. பால் பாக்கெட்டைப் பல்லால் கிழித்தேன். கத்தரிக்கோல் எங்கேயோ போய்விட்டது.

ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. மாவிளக்குக்கு மாவு பிசைந்தது முழுக்க வலது கை. இடது கை பாத்திரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அது பாத்திரத்தை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. பாத்திரம் சுற்றிக்கொண்டு சுவரில் போய் முட்டி நின்றது.

கோகி கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். “ம்மா” என்று கூப்பிட்டு, என் கையை மோவாயால் காட்டி, தலையைச் சாய்த்து ஒரு வார்த்தை சொன்னாள்.

“உன் வேலையைப் பாருடி” என்றேன். அவளுக்கு என்ன வேலை இருக்கிறது. பாவம்.

ஜூலை 22, செவ்வாய்

ஒன்று.

இன்று டாக்டர் இரண்டு விரலை நீட்டி, கைக்கு ஒன்றாகப் பிடித்து நசுக்கச் சொன்னார். மூச்சைப் பிடித்துக்கொண்டு நசுக்கினேன். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் நன்றாகத்தான் வேலை செய்கின்றன. கீழ் இரண்டு விரல்தான் சோம்பேறி.

“எடது பக்கம் கொஞ்சம் குறைவா இருக்கற மாதிரி இருக்கே?”

“நான் சரியாப் புடிக்கலைங்க டாக்டர். நான் சோத்துக் கைக்காரி. அந்தக் கை எப்பவுமே அப்படித்தான்.”

மறுபடியும் பிடிக்கச் சொன்னார். மணிக்கட்டை மடக்கிக்கொண்டு பிடித்தேன். அவர் முகத்தில் சந்தேகம் போகவில்லை. என்னை விட்டுவிட்டு, நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்தார்.

“கோகிலா, நீ சொல்லும்மா. வீட்டுல அம்மாவுக்குக் கை எப்படி இருக்கு?”

அவளிடம் நேராக யாரும் எதையும் கேட்பதில்லை. கேட்டால் என்னைப் பார்த்துத்தான் கேட்பார்கள். முகமெல்லாம் வெளிச்சமாகி, கழுத்து நரம்பு புடைக்க, பெரிய முயற்சியோடு சொன்னாள்.

“ம்மாக்கி வலி இல்ல.”

டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “என்ன சொல்றாங்க?”

“எனக்கு வலி இல்லைங்கறா.”

“வெரி குட். ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்றீங்க.”

கோகி மறுபடி சொன்னாள். இன்னும் சத்தமாக மறுபடி சொன்னாள். டாக்டர் அவள் கன்னத்தைத் தட்டி, “புரிஞ்சுது, புரிஞ்சுது, சந்தோஷம்” என்றார். நாலு வாரம் கழித்து வந்தால் போதுமாம்.

அவள் தலை இடது பக்கம் சாய்ந்துதான் இருந்தது. நாற்காலியில் வைத்த தலையணை நழுவியிருக்கும். ஏசி வேறு அதிகம்.

வீடு வரும்வரை கோகி என்னோடு பேசவில்லை. இறக்கும்போது ரைட் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பூஜ்யம். ஆடிப்பெருக்கும் அதுவுமாக முதல் தடவையாகப் பூஜ்யம்.

எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம், தயிர்ச் சாதம். சாதப் பானையை இறக்கும்போது இடது கைத் துணி விலகியிருந்திருக்கிறது. சூடே தெரியவில்லை. சாப்பிடும்போது இவர்தான் பார்த்துவிட்டு, “என்ன புள்ள இது, கொப்புளம்?” என்றார். சுண்டுவிரல் பக்கம் முழுக்க நீர் கோத்திருந்தது. அதுவும் வலிக்கவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

பூஜ்யம்.

தூக்குவதற்குப் புது முறை ஒன்று கண்டுபிடித்திருக்கிறேன். ஈரிழைத் துண்டை அவள் முதுகுக்குப் பின்னால் கொடுத்து, நுனியை என் இடது மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டால் விரல் வேலையே வேண்டாம். இன்று காலை அப்படித்தான் போனோம்.

கோகிக்குப் பிடிக்கவில்லை. “வேணா, ப்பா, ப்பா” என்று கத்தினாள். ஹாலில் இவர் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். டிவி சத்தம் கூடியது.

“அவரு வரமாட்டாருடி. உனக்கு நான்தான், எனக்கு நீதான். புடிச்சுக்க” என்றேன். பிடித்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

எண்ணெய் வழுக்கிவிட்டது என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன்.

போன வெள்ளிக்கிழமை. எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு, தலைக்கு ஊற்றி முடித்துவிட்டேன். துண்டு நனைந்துவிட்டது, உலர்ந்த துண்டு கொடியில் இருந்தது. எட்டாது. இந்த ஒரு தடவைதானே என்று கையாலேயே தூக்கினேன். பூட்டுப் போட்டாள். எழுந்தேன். இடது கை திறந்துகொண்டது. நான் திறக்கவில்லை. அதுவாகவே, தூங்குகிற குழந்தையின் கை மாதிரி விரிந்தது.

விழுந்த சத்தத்தை எழுத மாட்டேன்.

பாவாடையை இழுத்து அவள் மேல் போர்த்திவிட்டு, “வந்து தூக்குங்க, வந்து தூக்குங்க” என்று அலறினேன். இவர் கதவு வரைக்கும் ஓடிவந்தார். உள்ளே ஒரு தடவை பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, “மயிலாத்தாக்கா, மயிலாத்தாக்கா” என்று கத்தினார். அந்தக்கா வாசல் கோலத்தை மிதித்துக்கொண்டு ஓடிவரும்வரை என் மகள் ஈரத் தரையில் கிடந்தாள். அவர் மேல் எனக்கு வந்த வெறுப்பை இதில் எழுதி வைக்கிறேன். பிறகு மறந்துவிட்டேன் என்று நானே சொல்லக்கூடாது.

தொடை எலும்பு முறிந்திருந்தது. நடக்காத பிள்ளைகளுக்கு எலும்பு மெலிந்திருக்குமாம். ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டர் வந்தார். வாசல் பக்கம் நங்கை நின்றிருந்தார், பக்கத்தில் இவர்.

“ரொம்ப வலிக்குதாம்மா?” என்று டாக்டர் கேட்டார்.

கோகி நங்கையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நெற்றியெல்லாம் வேர்த்து, உதடு வெளுத்துப்போயிருந்தது.

“வலி இல்ல” என்றாள்.

தலை சாயவில்லை. நேராக வைத்துக்கொண்டு சொன்னாள். எலும்பு இரண்டாக இருக்கிறது, வலி இல்லையாம். யாருக்காகச் சொல்கிறாள், எதற்காகச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியாதா?

“என்ன சொல்றாங்க?” என்றார் டாக்டர்.

“வலு இல்லைங்கறா” என்றேன். “எனக்குங்க. அம்மாவுக்குக் கையில வலு இல்லை, ரொம்ப நாளா வலு இல்லை, இனி என்னைத் தூக்க முடியாதுன்னு சொல்றா.”

கோகி தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினாள். நான் அப்படிச் சொல்லவில்லை, நான் அப்படிச் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்த விதத்திலெல்லாம் சொன்னாள். அங்கே அது புரிந்தவள் நான் ஒருத்திதான். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

கோகிக்குத் தொடையில் கம்பி வைத்துவிட்டார்கள்.

இன்று ஷைலஜா டாக்டரிடம் போக வேண்டிய நாள். கோகி இல்லாமல் தனியாகப் போனேன். விரலைப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன், மணிக்கட்டை மடக்காமல். அவர் என்னைப் படுக்கச் சொல்லவில்லை. சர்ஜனுக்குப் போன் போட்டு நாள் வாங்கிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

“உங்க பொண்ணுகிட்டயே கேட்டேனேம்மா.”

“கேட்டீங்க.”

“என் விரல்லயே குறை தெரிஞ்சுது. நான் அத்தோட நிறுத்தியிருக்கணும். நீங்க ரெண்டு பேரும் சொன்னதை நம்பிட்டேன்.” சத்தம் போட்டிருந்தால் தேவலை. மெதுவாகத்தான் சொன்னார். “ஆபரேஷன் பண்ணினா மேல கெடாம நிக்கும். போன வலு திரும்புமான்னு யாராலயும் சொல்ல முடியாது.”

“அவ சரியாத்தான் சொன்னாங்க டாக்டர்” என்று மட்டும் சொன்னேன். அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

நாளை மறுநாள் எனக்கு ஆபரேஷன். கோகி நங்கை வீட்டில் இருக்கிறாள். சோறு பிசைந்து ஊட்டும் விதம், தண்ணீர் கொடுக்கும் விதம் எல்லாம் சொன்னேன். நங்கைக்கும் அறுபது ஆகிறது. இரண்டே நாளில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

இல்லத்து வேன் வந்தது. இரண்டு பெண்கள் இறங்கி, ஒருத்தி தோளையும் ஒருத்தி காலையும் பிடித்து, பழக்கப்பட்ட கையோடு தூக்கினார்கள். நான் கழுத்துப் பட்டையோடு நின்றுகொண்டிருந்தேன். தலையைத் திருப்பக்கூட முடியாது.

தலை சாய்ப்பதைப் பற்றி அந்தப் பெண்ணிடம் சொன்னேன். “ஆகட்டுங்கம்மா. எங்ககிட்ட இருக்கற அத்தனை பேருக்கும் ஒவ்வொரு பாஷை. பழகிக்குவோம்” என்றாள். ஒரு மாதம் வரைக்கும் யாரும் பார்க்க வரக்கூடாது, வந்தால் ஒட்ட மாட்டார்கள் என்றும் சொன்னாள்.

நங்கை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார். “வெசனப்படாத கண்ணு” என்று என்னிடம் சொல்லிவிட்டு அவரே அழுதார். இவர் கேட்டுக்கு வெளியே, வேனுக்கு அந்தப் பக்கம், யாருக்கும் தெரியாத இடமாகப் பார்த்து நின்றார்.

கோகி அழவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

வலி இல்லை. வலுவும் இல்லை. விரல் மூன்றாவது மாதத்திலிருந்து கொஞ்சம் மடங்கலாம் என்கிறார் சர்ஜன். ஷைலஜா டாக்டர் போனில் சொல்லிக்கொடுத்தபடி மஞ்சள் ஸ்மைலிப் பந்தைப் பிடித்து அமுக்குகிறேன். பந்து சிரித்துக்கொண்டே இருக்கிறது.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. இந்த வீட்டில் யாரும் எண்ணெய் தேய்த்துக் குளிக்கவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

ஒரு மாதம் என்றார்கள், ஒன்றரை மாதம் ஆகிவிட்டது. கழுத்துப் பட்டையைக் கழற்றிய பிறகுதான் காரில் உட்காரலாம் என்று சர்ஜன் சொல்லிவிட்டார். இன்று இவருடைய கம்பெனிக்காரர் ஒருவரின் காரில் போனோம். ஆபரேஷனுக்குப் பிறகு நாங்கள் பேசுவது குறைவுதான்.

நங்கை சொன்னது பொய் இல்லை. சுத்தமான இடம். கூட்டித் துடைத்த தரை, வெளுத்த படுக்கை விரிப்பு. அன்று வேனில் வந்த அதே பெண்தான் முன்னால் நடந்துகொண்டே சொன்னாள்.

“பொண்ணு நல்லா இருக்குதுங்க. கால் கூடிருச்சுன்னு டாக்டரும் சொல்லிட்டாரு. என்ன, பல்லின்னா மட்டும் பயமுங்க. பத்து நாளா பல்லி பல்லின்னு ஒரே அழுகை. சோறும் சரியா எடுக்கறதில்ல. செவுரெல்லாம் மருந்தடிச்சாச்சு, பயம் தெளியட்டும்னு மயிலிறகுகூட வாங்கி வெச்சிருக்கோம்.”

என் கால் அங்கேயே நின்றுவிட்டது. இவர் நிற்கவில்லை. அந்தப் பெண்ணைத் தாண்டிக்கொண்டு வேகமாகப் போனார். நான் அறைக்குள் போகும்போது அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

கோகியின் இடது கன்னம் தாடை வரைக்கும் வீங்கியிருந்தது. கண் உள்ளே போயிருந்தது. தலை இடது பக்கம் சாய்ந்தபடியே இருந்தது, பத்து நாளாகச் சாய்த்துச் சாய்த்து நிமிர்த்தவே மறந்துவிட்ட மாதிரி. அவள் தலைக்கு மேல், சுவரில், ஆணியடித்து மாட்டிய மயிலிறகு.

“பல்லி இல்லீங்க” என்றார் இவர். “பல்லு. அது பல்லு. தலையைப் பாருங்க, தலை சாயுதுல்ல?”

அந்தப் பெண் வாயில் கை வைத்துக்கொண்டாள். “ஐயோ, சொன்னீங்களேம்மா. நான்தானுங்க...” என்று என்னைப் பார்த்தாள். நான் அவளை என்ன சொல்வது? அவளாவது தெரியாமல் செய்தாள்.

இவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து என்னிடம் கொடுத்தார். குனிந்தார். இரண்டு கையையும் எங்கே கொடுப்பது என்று தெரியாமல் ஒரு நிமிஷம் தடுமாறினார். பிறகு அக்குளுக்குள் கொடுத்தார். கோகியின் வலது கை மெதுவாக மேலே ஏறி, இடம் தேடி, அவர் பிடரியில், கழுத்தும் முதுகும் சேருகிற அந்த எலும்பின் மேல் பூட்டுப் போட்டது. அவர் எழுந்தார். பதினோரு வருஷம் கழித்து. அவள் இப்போது காற்றாக இருக்கிறாள், எழுவது ஒன்றும் கஷ்டமாக இருந்திருக்காது.

பல் டாக்டரிடம் போய்விட்டு அதற்கப்புறம் எங்கே போவது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வாசலுக்கு வரும்போது கோகி அவர் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தாள். போன மாதம் முழுக்க நான் கனவில் பார்த்த மாதிரி கோபமாக இல்லை. தலையை, வீங்கிய கன்னத்தோடு, கஷ்டப்பட்டு நேராக நிமிர்த்தினாள்.

“வலி, ம்மா.”

கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தப் பெண் கேட்டாள். “இப்ப என்னங்கம்மா சொல்றாங்க?”

“வலிக்குதுங்கறா” என்றேன்.